கட்டடக் கலைஞரின் வீடும் கண்டாவளையின் வீடுகளும்

வன்னிப் பெருநிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு வீடு என்பது வெறும் சுவரும் கூரையும் அல்ல. ஒரே தலைமுறையில் இரண்டு முறை, மூன்று முறை வீட்டைக் கட்டி இழந்து, மீண்டும் கட்டியவர்கள் இங்கு உள்ளனர். 2009ஆம் ஆண்டு ஜனவரியில் கண்டாவளை, தருமபுரம், விசுவமடு ஆகிய இடங்களின் மக்கள் கதவைச் சாத்தக்கூட அவகாசமின்றிப் புறப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் செட்டிகுளம் மெனிக் பாமின் கூடாரங்களில் காலம் கழித்து, ஊர் திரும்பியபோது நிலைக்கதவும் கூரையும் இல்லாத சுவர்களையே கண்டனர். அதற்கு முன்னர், 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களும் தங்கள் வீடுகளை அப்படியே விட்டுச் சென்றனர். புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் பிறந்து வளர்ந்த அவர்களது பிள்ளைகள் பலருக்குத் தாய் தந்தையரின் வீடு எப்படி இருந்தது என்பதே தெரியாது.

இத்தகைய மண்ணிலிருந்து கொழும்பிலுள்ள ஒரு கட்டடக் கலைஞரின் வீட்டைப் பார்க்கச் செல்ல வேண்டும் என்று நாம் எழுதுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். செல்வந்தர் ஒருவரின் வீட்டைப் பார்த்து எமக்கு ஆவதென்ன என்ற வினாவும் எழலாம். அந்த வினா நியாயமானது. அதற்கு விடை காண்பதும், அப்பயணத்தை எவ்வாறு ஒழுங்கு செய்வது என்பதை விளக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாவா என்பவர் யார்?

ஜெப்ரி பாவா 1919ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். அவரது தந்தைவழிப் பாட்டனார் இலங்கை முஸ்லிம், பாட்டி ஆங்கிலேயர். தந்தையார் பெயர் பெற்ற சட்டத்தரணி. தாயார் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். ஆக, பாவா என்ற அப்பெயரே இந்நாட்டின் சமூகங்கள் ஒன்றுடன் ஒன்று கலந்து வாழ்ந்த ஒரு காலத்தின் அடையாளமாகும்.

அவர் தொடக்கத்தில் கட்டடக் கலையைக் கற்றவர் அல்லர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று, பின்னர் லண்டனில் சட்டம் கற்றுச் சட்டத்தரணியானார். அத்தொழிலில் மனம் ஒன்றாமல் உலகைச் சுற்றினார். 1948ஆம் ஆண்டு பெந்தோட்டைக்கு அண்மையில், தெத்துவ ஏரியின் கரையில் ஓர் இறப்பர்த் தோட்டத்தை வாங்கினார். லுணுகங்கை எனப்படும் அத்தோட்டத்தை ஓர் எழிற்சோலையாக மாற்ற முற்பட்டபோதுதான் தமக்கு அதற்கான தொழிலறிவு போதாது என்பதை உணர்ந்தார். அதன் பின்னரே மீண்டும் லண்டன் சென்று முறையாகக் கட்டடக் கலையைப் பயின்று, 1957ஆம் ஆண்டு தமது 38ஆவது வயதில் தகுதி பெற்றார். வயது கடந்துவிட்டது என்று கல்வியைக் கைவிடுகின்ற எமது இளைஞர்களுக்கு இதுவொரு செய்தியாகும்.

அதன் பின்னர் நான்கு தசாப்தங்கள் அவர் பணியாற்றினார். கோட்டேயில் 1982ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடம், மாத்தறையிலுள்ள ருகுணு பல்கலைக்கழகம், தம்புள்ளைக்கு அண்மையில் மலைச்சரிவோடு ஒட்டி நிற்கும் கண்டலம ஹோட்டல் என்பன அவரது புகழ் பெற்ற ஆக்கங்களாகும். சென்னையின் கன்னிமாரா ஹோட்டலைப் புதுப்பிக்கும் பணியிலும் அவரது கை இருந்தது. 2001ஆம் ஆண்டு கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது வழங்கப்பட்டபோது, வாழ்நாள் பணிக்காகத் தலைவரின் சிறப்பு விருது அவருக்குக் கிடைத்தது. அவ்விருதை முதன்முதலாக 1980இல் பெற்றவர் எகிப்தைச் சேர்ந்த ஹசன் பத்தி. ஏழை விவசாயிகளுக்காக மண் கற்களால் வீடு கட்டுவதற்கு வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். பாவா 2003ஆம் ஆண்டு மே 27ஆம் திகதி காலமானார்.

இங்கு ஒரு தமிழரின் பெயரையும் கூறியாக வேண்டும். 1967ஆம் ஆண்டிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் பாவாவின் பங்காளராகவும் பொறியியலாளராகவும் விளங்கியவர் கலாநிதி கே. பூலோகசுந்தரம் ஆவார். பாராளுமன்றம் உட்பட, அந்த அலுவலகத்தின் மிகப் பெரிய பணிகள் எல்லாம் அவரது காலத்திலேயே எழுந்தன. கட்டடத்தின் அழகைப் புகழ்கின்றவர்கள் அதனைத் தாங்கி நிற்கும் கணக்கைச் செய்தவரை நினைப்பதில்லை. எமது பத்திரிகைகளும் பாடநூல்களும்கூட அவரைப் பெரிதாகப் பேசியதில்லை. பாவாவுடன் பணியாற்றிய கலைஞர்களுள் இஸ்மத் ரஹீம் போன்ற முஸ்லிம்களும், சிங்களவரும், பறங்கியரும் இருந்தனர். ஒரு நாடு தன் நல்ல காலங்களில் எவ்வாறு இயங்கக் கூடும் என்பதற்கு அந்த அலுவலகம் ஒரு சிறு உதாரணமாக இருந்தது எனலாம்.

11ஆம் இலக்க வீடு

கொழும்பு 3, பகத்தலை வீதியிலிருந்து பிரிகின்ற 33ஆவது ஒழுங்கையின் முடிவில் உள்ளது பாவா வாழ்ந்த வீடு. வீட்டு இலக்கமே அதன் பெயராகி, இன்று 'இலக்கம் 11' என உலகெங்கும் அறியப்படுகின்றது. அது ஒரே நாளில் வரையப்பட்டு ஒரே நாளில் கட்டப்பட்ட மாளிகை அன்று. அந்த ஒழுங்கையில் வரிசையாக நான்கு சிறிய வீடுகள் இருந்தன. 1950களின் இறுதியில் அவற்றுள் மூன்றாவது வீட்டிலேயே பாவா குடியேறினார். பின்னர் நான்காவதும், அதன் பின்னர் எஞ்சியவையும் அவர் வசமாயின. சுமார் பத்து ஆண்டுகளில் அந்நான்கையும் இணைத்து ஒரே வீடாக்கினார். தெருவோரம் இருந்த முதலாவது வீடு மட்டும் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் மாடிகள் கொண்ட ஒரு கோபுர அமைப்பு எழுந்தது. எஞ்சியவை, சுவரைத் துளைத்தும் கூரையைத் திறந்தும் மாற்றியமைக்கப்பட்டவையே.

உள்ளே நுழைபவர் முதலில் காண்பது வெண்ணிறமான ஒரு நீண்ட நடையையாகும். ஜன்னல்கள் நிறைந்த வீடு அன்று அது. நகரின் நெருக்கத்துக்குள், நாற்புறமும் அயல் மதில்கள் சூழ்ந்த காணி அது. ஆயினும் இருள் இல்லை. காரணம், வீட்டின் இடையிடையே கூரையற்ற சிறு முற்றங்கள் விடப்பட்டுள்ளமையே. ஒரு முற்றத்தில் நீர்த்தொட்டி. இன்னொன்றில் ஒரு செடி. மற்றொன்றில் வெறும் கூழாங்கற்கள். வானத்திலிருந்து நேரே இறங்கும் ஒளி சுண்ணாம்புச் சுவரில் பட்டு அறைக்குள் பரவுகின்றது. சூடேறிய காற்று அவ்வழியாகவே மேலெழுந்து வெளியேறுகின்றது. குளிர்ந்த காற்று கீழே நகர்கின்றது.

தமிழகத்தின் செட்டிநாட்டு மாளிகைகள் இடிக்கப்பட்டபோது விற்கப்பட்ட மரத் தூண்களை இங்கு காணலாம். பழைய கதவுகளும் நிலைகளும் வேறு வேறு இடங்களிலிருந்து வந்து இங்கு குடியேறியுள்ளன. கைவிடப்பட்ட பொருட்களுக்கு மறுவாழ்வு தந்த வீடு என்று இதனைக் கூறலாம். இடிபாடுகளுக்குள் இருந்து நிலைக்கதவையும் ஓட்டையும் பொறுக்கியெடுத்து மீண்டும் குடிசை எழுப்பிய எமது மக்களுக்கு இந்த வித்தை புதியதன்று. வேறுபாடு ஒன்றே: நாம் வேறு வழியின்றிச் செய்ததை அவர் விரும்பிச் செய்தார்.

1998ஆம் ஆண்டு பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்ட பின்னர், பாவா தமது இறுதி ஆண்டுகளைப் பெரிதும் அசைவற்ற நிலையிலேயே கழித்தார். இன்று அவ்வீடு ஜெப்ரி பாவா அறக்கட்டளையின் பொறுப்பில், அவர் வாழ்ந்த காலத்துத் தளபாடங்களுடனும் ஓவியங்களுடனும் பேணப்படுகின்றது. அவரது பழைய ரோல்ஸ் ரோய்ஸ் காரும் வாயிலருகே நிற்கின்றது. காரைப் படம் பிடிப்பதுடன் பயணத்தை முடித்துக்கொள்பவர்கள் வீட்டைப் பார்க்கவில்லை என்றே கூற வேண்டும்.

எமக்கு இதில் என்ன இருக்கின்றது?

முற்றம் என்பது எமக்குப் பாவா கற்றுத் தர வேண்டிய ஒன்றன்று. யாழ்ப்பாணத்தின் நாற்சார் வீடு நடுவே முற்றம் கொண்டது. வன்னியின் மண் வீட்டுக்குத் திண்ணையும், தாழ இறங்கிய தாவாரமும் இருந்தன. கிடுகும் வைக்கோலும் வேய்ந்த கூரை வைகாசி வெயிலிலும் தலைக்கு இதமாக இருந்தது. முஸ்லிம் வீடுகளில் வெளியார் அமரும் முன் மண்டபமும் பெண்கள் நடமாடும் உள்முற்றமும் வேறாக இருந்தமை, காற்றையும் மறைவையும் ஒருசேரத் தந்தது. எமது முன்னோர் பெயர் சூட்டாமல் செய்து வந்ததையே பாவா ஆராய்ந்து, நகரத்தின் சிறிய காணிக்கும் சீமெந்துக் காலத்துக்கும் ஏற்றவாறு மீண்டும் எழுதினார்.

கூரை இதற்கு நல்ல உதாரணமாகும். பீலி ஓடு மட்டும் போட்ட கூரை அழகானது. ஆயினும் சரிவு குறைந்தால் ஒழுகும். நெளிவுச் சீமெந்துத் தகடு ஒழுகாது. ஆயினும் வெயிலில் அனலாய்க் கொதிக்கும். பாவாவும் அவரது சகாக்களும் இரண்டையும் இணைத்தனர். கீழே நெளிவுத் தகடு, அதன் நெளிவுகளின் மீது அரைவட்ட மண் ஓடு. தகடு மழையைத் தடுத்தது; ஓடு வெயிலைத் தாங்கியது. செலவும் மிதமாகவே இருந்தது. இன்று எமது மறுவாழ்வுக் கிராமங்களில் தகரத்தின் கீழும் அஸ்பெஸ்டஸ் தகட்டின் கீழும் பகல் வேளையில் இருக்க முடியாமல் வேம்பின் அடியைத் தேடிச் செல்பவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். ஒரு எச்சரிக்கையையும் இங்கு சேர்ப்பது கடமையாகும். அக்காலத் தகடுகளில் கலந்திருந்த கல்நார் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டது. கல்நாரின் எல்லா வகைகளும் அத்தகையனவே என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஆகவே பழைய தகடுகளை வெட்டுவதோ, துளையிடுவதோ, உடைத்து முற்றத்தில் பரப்புவதோ கூடாது. கற்க வேண்டியது அடுக்குமுறையையே, அப்பொருளை அன்று.

தாவாரமும் அவ்வாறே. கூரையைச் சுவருக்கு வெளியே மூன்றடி, நான்கடி நீட்டினால் சுவரில் வெயில் படாது. வாடைக்காலச் சாரலும் ஜன்னலுக்குள் வராது. அதற்குரிய மேலதிகச் செலவு, வீட்டுக்குள் மின்விசிறியை இரவு பகலாகச் சுழலவிடும் செலவுடன் ஒப்பிடுகையில் பெரிதன்று. சோளகம் வீசும் திசையை அறிந்து ஜன்னலையும் அதற்கு நேரெதிரே இன்னொரு திறப்பையும் வைப்பதற்குச் செலவே இல்லை. வேண்டியது முன்யோசனை மட்டுமே.

எல்லாவற்றையும் கொழும்பிலிருந்து அப்படியே கொண்டுவர முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இலக்கம் 11இன் தரை தெரு மட்டத்தோடு ஒட்டியது. கண்டாவளையோ கனகராயன் ஆற்றின் வெள்ளத்தை அறிந்த நிலம். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்தபோது எமது பகுதி நீரில் மூழ்கியதை மறக்க இயலாது. இங்கு கட்டப்படும் வீட்டுக்கு உயர்ந்த அத்திவாரம் இன்றியமையாதது. முற்றம் வைப்பவர் அந்நீர் வெளியேறும் வழியையும் வைக்க வேண்டும்.

கேட்டுக் கட்டிய வீடும் கேளாமல் கட்டிய வீடும்

போருக்குப் பின்னர் வடக்கு கிழக்கில் மிகப் பெரிய வீடமைப்புப் பணிகள் நடந்தன. இந்திய அரசின் உதவியுடனான திட்டத்தில் 45 ஆயிரம் வரையான வீடுகள் உரிமையாளரே கட்டும் முறையில் எழுந்தன. ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டது. வீட்டின் பரப்பு சுமார் 550 சதுர அடி. அத்தொகை போதாமல் கடன்பட்டவர்கள் பலர் என்பது எமது ஊர்கள் அறிந்த உண்மை. ஆயினும் சுவரை எங்கே வைப்பது, குசினியை எப்பக்கம் வைப்பது என்பதில் வீட்டுக்காரரின் சொல்லுக்கு ஓரளவேனும் இடமிருந்தது.

இதற்கு மாறானது 2015, 2016ஆம் ஆண்டுகளில் முன்வைக்கப்பட்ட 65 ஆயிரம் உருக்கு வீடுகள் திட்டமாகும். தொழிற்சாலையில் தயாரித்த பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தும் அவ்வீடு ஒன்றுக்கு, தொடக்கத்தில் சுமார் 21 இலட்சம் ரூபா செலவாகும் எனக் கூறப்பட்டது. எமது வெப்பத்துக்கு அவ்வீடு ஏற்றதா, அடுத்த தலைமுறை அதில் ஓர் அறையைச் சேர்க்க முடியுமா, பழுதானால் ஊர் மேசன் திருத்த முடியுமா என்ற வினாக்களைப் பொறியியல் துறையினரும் பொருளியல் அறிஞர்களும் மக்கள் பிரதிநிதிகளும் எழுப்பினர். இறுதியில் அத்திட்டம் முன்னெடுக்கப்படவில்லை. அந்த விவாதத்தில் வென்றது ஓர் எளிய கொள்கையாகும்: வாழப் போகின்றவரைக் கேளாமல் வீடு கட்டக் கூடாது.

அக்கொள்கைக்கும் இந்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. மினெட் டி சில்வா, 1948ஆம் ஆண்டு பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் இணைந்த முதலாவது ஆசியப் பெண்மணியாவார். 1950களில் கண்டி வட்டாபுளுவையில் அரச ஊழியர்களுக்காகச் சுமார் 250 வீடுகளைத் திட்டமிட்டபோது, அவர் முதலில் செய்தது குடியேறப் போகும் குடும்பங்களிடம் வினாக்கொத்தைக் கொடுத்து அவர்களின் தேவைகளைக் கேட்டதேயாகும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் அழிந்த அம்பாந்தோட்டை மாவட்டத்தின் கிரிந்த முஸ்லிம் மீனவக் கிராமத்தில், யப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் வீடுகளை அமைத்தபோதும் அவ்வாறே நடந்தது. அழுத்திய மண் கல்லால் சுவர். இறப்பர் மரத்தால் தட்டிகளும் தளபாடங்களும். விருந்தினர் அமரும் பகுதியையும் பெண்கள் புழங்கும் பகுதியையும் பிரிக்கின்ற நிழலான நடுமுற்றம். அம்மக்களின் வாழ்க்கை முறையை மதித்து வரைந்த அவ்வீடுகள் 2013ஆம் ஆண்டு ஆகா கான் விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றன.

மினெட் டி சில்வாவின் கதைக்கு ஒரு சோகமான முடிவும் உண்டு. 1998ஆம் ஆண்டு அவர் காலமான பின்னர், கண்டியில் அவர் வாழ்ந்த வீடு பராமரிப்பின்றிச் சிதைந்து போனது. பாவாவின் வீடு நிலைத்தது. மினெட்டின் வீடு நிலைக்கவில்லை. ஒன்றுக்கு அறக்கட்டளை இருந்தது, மற்றதற்கு இல்லை. வீட்டைக் காப்பது சுவரின் வலிமை அன்று. அதனைக் காக்க வேண்டும் என்று எண்ணுகின்றவர்களின் ஒழுங்கமைப்பே என்பதை இவ்விரு வீடுகளும் உணர்த்துகின்றன.

பயணத்தைத் திட்டமிடும் முறை

இலக்கம் 11 ஒரு பொது நூதனசாலை அன்று. நினைத்த நேரத்தில் கதவைத் தட்டிச் செல்ல முடியாது. முற்பதிவு செய்து, குறித்த வேளையில், வழிகாட்டியுடன் மட்டுமே பார்க்கலாம். எனவே முதல் வேலை, அறக்கட்டளையின் இணையத்தளம் மூலமோ தொலைபேசி மூலமோ நாளையும் நேரத்தையும் உறுதி செய்வதாகும். செல்வோரின் தொகையை முன்னரே கூற வேண்டும். வீட்டின் நடைகள் ஒடுங்கியவை. ஒரு பஸ் நிறைய மாணவரை ஒரே வேளையில் உள்ளே அனுப்ப முடியாது. பாடசாலைகள் செல்வதாயின் மாணவரைச் சிறு குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு வேளைகளுக்குப் பதிவு செய்தல் நன்று. கட்டணம் இலங்கையருக்கு ஒருவிதமாகவும் வெளிநாட்டவருக்கு வேறுவிதமாகவும் அறவிடப்படுவதால் தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். புலம்பெயர் நாடுகளிலிருந்து வரும் உறவினரை அழைத்துச் செல்பவர்கள் இவ்வேறுபாட்டை முன்கூட்டியே விசாரித்துக்கொள்க. மாணவருக்குச் சலுகை உண்டா என்பதையும் கேட்கத் தயங்க வேண்டாம்.

கண்டாவளையிலிருந்து செல்பவர் பரந்தன் சந்தியை அடைந்து ஏ-9 வீதியில் பஸ் ஏறலாம். அல்லது கிளிநொச்சி புகையிரத நிலையம் செல்லலாம். போரினால் இரண்டு தசாப்தங்களுக்கு மேல் அற்றுப் போயிருந்த வடபகுதிப் புகையிரத சேவை 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சியையும், 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் மீண்டும் எட்டியது. கொழும்பு சுமார் 330 கிலோமீற்றர். புகையிரத நேரங்கள் அடிக்கடி மாறுவதாலும், மழைக்காலத்தில் பாதை பழுதடைவதாலும் புறப்படுவதற்கு முன்னர் நேர அட்டவணையை விசாரித்தல் அவசியம். இரவுப் பயணம் செய்து விடியலில் கோட்டையில் இறங்கினால் ஒரு முழு நாள் கையில் இருக்கும்.

அந்த நாளை வீணாக்காமல் பயன்படுத்தலாம். கோட்டை நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில், புறக்கோட்டையில், செங்கல் நிறமும் வெண்மையும் மாறி மாறி அடுக்கிய ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் உள்ளது. 1909ஆம் ஆண்டு நிறைவுற்ற இதனை வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. கட்டடக் கலைக் கல்லூரி எதையும் காணாதவர். அங்கிருந்து சற்றுத் தொலைவில், கொச்சிக்கடையில், சேர். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதிதாகக் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயம் நிற்கின்றது. இவ்விரண்டையும் காலையில் பார்த்துவிட்டு, கரையோரப் புகையிரதத்திலோ பஸ்ஸிலோ கொள்ளுப்பிட்டிக்குச் சென்று பிற்பகலில் இலக்கம் 11ஐப் பார்க்கலாம். தொழுகைக்குக் கொள்ளுப்பிட்டிப் பள்ளிவாசலும், வழிபாட்டுக்குப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் ஆலயங்களும் அயலிலேயே உள்ளன. வெள்ளிக்கிழமையாயின் ஜும்ஆ வேளையை மனங்கொண்டு பதிவு நேரத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் நாள் வசதியுள்ளவர்கள் தெற்கே லுணுகங்கைக்குச் செல்லலாம். கரையோரப் புகையிரதத்தில் அளுத்கமையில் இறங்கினால் முச்சக்கர வண்டியில் அடையலாம். அங்கு மற்றொரு வீட்டையும் காணலாம். 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஏனா டி சில்வா என்ற கலைஞருக்காகப் பாவா கட்டிய முற்ற வீடு அது. 2009இல் அக்காணி கைமாறியபோது, வீட்டின் கல், தூண், ஓடு ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுக் கழற்றி, லுணுகங்கைக்குக் கொண்டுவந்து மீண்டும் பொருத்தினர். கொழும்பில் ஒரு வீட்டை அவ்வளவு பக்குவமாகக் கழற்றிய அதே ஆண்டில்தான் எமது வீடுகள் தரைமட்டமாகின என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது. அது எவர் மீதும் சுமத்தும் குற்றச்சாட்டு அன்று. ஒரு வீட்டுக்குக் காட்டப்பட்ட அந்த மரியாதை எல்லா வீடுகளுக்கும் உரியது என்பதே எமது எண்ணம்.

வயது முதிர்ந்தோருடன் செல்பவர்கள் மாடிப் படிகளை மனங்கொள்ள வேண்டும். ஒளிப்படம் எடுக்கலாமா, எங்கே எடுக்கலாம் என்பதை வழிகாட்டியிடம் முதலிலேயே கேட்டுவிடுவது முறை. விளக்கத்தைத் தமிழில் பெறுவதற்கு, ஆங்கிலமோ சிங்களமோ நன்கறிந்த ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்வது பயன்தரும். அறக்கட்டளையிடம் தமிழ் விளக்கத்தைக் கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை. கேட்பவர் தொகை பெருகினால்தான் வழங்குபவரும் முன்வருவர்.

யார் செல்ல வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்?

எமது பாடசாலைகளின் சுற்றுலா பெரும்பாலும் சிகிரியா, கண்டி, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை என்ற ஒரே பாதையிலேயே செல்கின்றது. அவை பார்க்க வேண்டிய இடங்களே. ஆயினும் உயர்தரத்தில் தொழினுட்பத் துறையைக் கற்கும் மாணவர், அறிவியல்நகரில் இயங்கும் பொறியியல் பீடத்தினர், தொழிற்பயிற்சி நிலையங்களில் மேசன் வேலையும் தச்சு வேலையும் பயில்வோர் ஆகியோருக்கு ஒரு வீட்டை அளந்து பார்ப்பது பத்துப் பாடங்களுக்குச் சமம். எல்லோரையும் விட முக்கியமாக, ஊர்களில் இன்று வீடு கட்டிக்கொண்டிருக்கும் மேசன்மார் செல்ல வேண்டும். வரைபடத்தைத் திணைக்களம் தரலாம்; ஜன்னல் எங்கே வர வேண்டும் என்பதை நாள்தோறும் தீர்மானிப்பவர்கள் அவர்களே.

செல்பவர் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுசெல்க. எந்த அறையில் நிற்கும்போது வெயில் தெரியவில்லை, ஏன்? ஒளி எங்கிருந்து வருகின்றது? காற்று எவ்வழியே நுழைந்து எவ்வழியே போகின்றது? மழை நீர் எங்கே விழுந்து எங்கே ஓடுகின்றது? பழைய பொருள் எது, புதியது எது? பணமின்றிச் செய்யக் கூடியது எது? இந்த வினாக்களுடன் பார்ப்பவர் வெறுங்கையுடன் திரும்பமாட்டார். விலையுயர்ந்த ஓவியத்தையும் தளபாடத்தையும் பார்த்து ஏங்குபவர் வெறுங்கையுடனேயே திரும்புவார்.

திரும்பி வந்த பின்னர் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் உண்டு. அதுவே பயணத்தின் உண்மையான பயன் எனலாம். எமது ஊர்களில் எஞ்சியுள்ள பழைய வீடுகளை, மண் சுவரானாலும் நாற்சாரானாலும், அளந்து வரைந்து படமெடுத்து வைக்க வேண்டும். அவற்றைக் கட்டியவர்களின் பெயர்களைக் கேட்டெழுத வேண்டும். புளியம்பொக்கணையிலும் முரசுமோட்டையிலும் வாழும் எழுபது, எண்பது வயதினர் தங்கள் தந்தையரின் வீட்டை இன்றும் நினைவிலிருந்து வரைந்து காட்டுவர். புத்தளத்திலிருந்து மீண்டு வந்த முஸ்லிம் குடும்பங்களின் மூத்தோரும் தங்கள் பழைய வீட்டின் முற்றம் எப்பக்கம் இருந்தது என்பதை மறக்கவில்லை. அந்த நினைவுகள் அவர்களுடனேயே போய்விடுமாயின், அழிந்த வீடு இரண்டாம் முறையும் அழியும்.

கொழும்பில் ஒருவர் வாழ்ந்த வீட்டைப் பேணிக் காக்க ஓர் அறக்கட்டளை உள்ளது. வன்னியில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்து இழந்த வீடுகளுக்கு ஒரு குறிப்பேடாவது இருக்க வேண்டாமா? பிரதேச செயலகமும், பாடசாலைகளும், கோயில் பள்ளிவாசல் நிருவாகங்களும், சன சமூக நிலையங்களும் ஒன்றிணைந்தால் இது பெரிய செலவின்றி நிறைவேறக் கூடியதே. அடுத்த வீடமைப்புத் திட்டம் வரும் நாளில், எமக்கு எத்தகைய வீடு வேண்டும் என்று கேட்கப்பட்டால் சொல்வதற்கும், கேட்கப்படாவிட்டால் எடுத்துரைப்பதற்கும் அக்குறிப்பேடு எம்மிடம் இருக்கும். இலக்கம் 11ஐப் பார்க்கப் புறப்படும் பயணம் அக்குறிப்பேட்டின் முதற்பக்கமாக அமையட்டும்.